தேய்மானம்

ஏற்காட்டு எஸ்டேட் கோயிலிலிருந்து ஆர்டர்:
எழுநூற்று நாற்பது கிராமில்
மேற்றிராணியார் தலைக்கு ஒரு வெள்ளி முடி.
மேலே மீன்வாய் மாதிரிப் பிளந்து நிற்க வேண்டுமாம்.
"நீதானே வேதக்காரி, உனக்குத்தான் தெரியும்"
என்று என் பக்கம் தள்ளினார் சித்தேசண்ணன்.

எனக்குத் தெரிந்தது கொலுசு.
அரும்புக்கு அரும்பு வெங்காரம் தொட்டு
பொடி வைத்து
ஊதுகுழாயில் தீயை நாக்காக நீட்டுவது.
பனங்காட்டில் பதினோரு வருஷம்.
நோட்டில் என் பெயருக்கு நேரே
அறுபத்தெட்டாயிரம் அட்வான்ஸ்.
அது தீராமல் அடுத்த பட்டறைப் படி மிதிக்க முடியாது.
பூட்டு ஒன்றும் கிடையாது. எங்கள் பட்டறைக் கதவு
சரியாகச் சாத்தக்கூடச் சாத்தாது.
சித்தேசண்ணனையும் சொல்லக் கூடாது,
அவர் பெயர் செவ்வாய்ப்பேட்டையில்
வேறொரு நோட்டில் இருக்கிறது.

அளவெடுக்கப் போனேன்.
பன்னிரண்டாவது கொண்டை ஊசியில் வாந்தி எடுத்தேன்.
கோயிலுக்குள் குளிர்,
காப்பிப் பூ மாலை,
மூக்கு நுனி உடைந்த சுண்ணாம்பு முகம்.
பலகையில் அர்ச். கவுதிலார் என்றிருந்தது.
தோட்டத்து ஆட்களுக்கு அவர் குளிர்சாமி.

நான் தலையைச் சுற்றி நூல் பிடிக்க
கோயில்பிள்ளை எஸ்தாக்கி கதை சொன்னார்:
ஆறே உறைந்துபோகும் ஒரு ஊர்.
ஆயிரத்து முந்நூறு வருஷம் ஆகிறது.
மேற்றிராணியார் பதவி வேண்டாமென்று
மூன்று தடவை ஓடிப்போயிருக்கிறார்;
மூன்றாம் தடவை படகுக்காரன் காட்டிக்கொடுத்தான்.
திரும்பி வந்து துறையில் இறங்கும்போதுதான்
பார்த்தார், கழுத்துக் கயிறோடு
சந்தைக்கு இறங்கும் ஆட்களை.
பஞ்சத்தில் தகப்பன்மாரே விற்ற பிள்ளைகளை.

பூசைக் கிண்ணத்தை உருக்கினார்.
தட்டை, திரித்தண்டை, மணிப்பிடியை உருக்கினார்.
கட்டி கட்டியாய்த் தராசில் வைத்து
ஆளுக்கு ஆள் எடை போட்டு மீட்டார்.
குருமார் கத்தினார்கள். அரசன் ஆள் அனுப்பினான்.
சாகும்வரை மரக்கிண்ணத்தில் பூசை.

"உருக்கினதில் தேய்மானம் யார் கணக்கு?" என்றேன்.
எஸ்தாக்கிக்குப் புரியவில்லை.
"வெள்ளி உருகினால் குறையும், ஐயா.
நூறுக்கு ரெண்டு கிராமாவது போகும்."
"புத்தகத்தில் அது இல்லையம்மா."

இறங்கும் பஸ்ஸில் அதையே கணக்குப் போட்டேன்.
இருநூறு பேர் என்று புத்தகம் சொல்கிறதாம்.
நூறுக்கு ரெண்டு என்றால் நாலு பேர்.
தராசுத் தட்டு எழும்பாமல்
படகிலேயே நின்றுபோன நாலு பேர்.
அவர்களைப் பார்த்தபடி
வெறுங்கையோடு நின்றிருப்பார் அல்லவா?
அந்த இடத்தை எழுதாமல் விட்டிருக்கிறார்கள்.
மறுபடி ஓடிப்போகத் தோன்றியிருக்கும்.
போகவில்லை என்பதுதான்
எனக்கு அதிசயமாகப் பட்டது.
குருடர் பார்த்தது, மழை பெய்தது எல்லாம்
எஸ்தாக்கி பிறகு சொன்னார். காதில் விழவில்லை.

ஒன்பது நாள் வேலை.
கிண்ணத்தை உருக்கினவர் தலைக்கு
கிண்ணத்தைவிடக் கனமான முடி.
சிரிப்பு வந்தது; ஊதும்போது சிரித்தால்
தீ திரும்பி உதட்டில் அடிக்கும்.

பின்பக்கம், பிடரிக்கு மேலே
யார் கண்ணும் போகாத ஒரு மூட்டில் மட்டும்
பொடி குறைத்து வைத்தேன்.
பார்வைக்கு நிற்கும். தேர் குலுங்கினாலும் தாங்கும்.
ஆனால் என்றைக்காவது
அவருக்கு அவசரம் என்றால்
ஒரு கை திருகினால் போதும், வந்துவிடும்.

எடை: எழுநூற்று இருபத்தாறு.
பதினாலு கிராம் என்று சித்தேசண்ணன் எழுதினார்.
எந்தப் பக்கத்தில் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

திருவிழாவுக்குப் போனால் ஒருநாள் கூலி போகும்.
அன்று ராத்திரி சாக்கடையோரம் கை கழுவும்போது
சேர்வராயன் மலையில் ஒரு வெளிச்சம்
வளைந்து வளைந்து நகர்ந்துகொண்டிருந்தது.
தேராக இருக்கலாம்.
காப்பி லாரியாகவும் இருக்கலாம்.